நியூசிலாந்தில் கேம்பர்வேன் பயணம்

படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி ஆகியவை பொருத்தப்பட்ட வேன் கேம்பர்வேன் எனப்படும். குளியலறையும் சாப்பாட்டு மேசையும் சேர்ந்து உருவில் பெரிதாக இருந்தால் அது மோட்டார்ஹோம். இத்தகைய வண்டியை வாடகைக்கு எடுத்து, ஓட்டல் அறை தேடாமல் ஊர் ஊராகத் தங்கிச் செல்வது நியூசிலாந்தில் உள்ளூர் மக்களிடமும் வெளிநாட்டுப் பயணிகளிடமும் பரவலாக உள்ள வழக்கம். மக்கள்தொகை அரைக் கோடியைச் சற்றே தாண்டிய நாடு அது. ஏரிக்கரை, கடற்கரை, மலையடிவாரம் என்று வண்டியை நிறுத்த இடத்துக்குப் பஞ்சமில்லை. அந்த இடங்களில் பல, கழிப்பறையோ குப்பைத்தொட்டியோ இல்லாதவை. இப்பயணத்துக்கென நியூசிலாந்து இயற்றிய விதிகளில் பெரும்பாலானவை இந்த ஒரு சிக்கலிலிருந்து பிறந்தவை.

சட்டம்

கட்டண முகாம்களுக்கு வெளியே பொதுநிலத்தில் இரவு தங்குவதை நியூசிலாந்தில் ஃப்ரீடம் கேம்பிங் என்கிறார்கள். இதை முறைப்படுத்தும் சட்டம் 2011 ஆகஸ்டில், ரக்பி உலகக்கோப்பைக்காக ரசிகர்கள் வந்திறங்கச் சில வாரங்களே இருந்தபோது நிறைவேறியது. எங்கே தங்கலாம், எங்கே கூடாது என்று வரையறுக்கும் உரிமையை அது உள்ளாட்சி மன்றங்களுக்கும் இயற்கைப் பாதுகாப்புத் துறைக்கும் தந்தது. உள்ளூரில் இத்துறையை ‘டாக்’ என்றே அழைக்கிறார்கள்.

அதன் பிறகும் புதர்மறைவில் மலமும் காகிதமும் கிடப்பதாகப் புகார்கள் ஓயவில்லை. 2023 ஜூன் 7 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் விதிகளை இறுக்கியது. உள்ளாட்சி நிலத்தில் வண்டியோடு இரவு தங்க, அந்த வண்டி ‘செல்ஃப் கன்டெய்ன்ட்’ சான்று பெற்றிருக்க வேண்டும் என்பது பொது விதியாயிற்று. விலக்களிக்கும் உரிமை அந்தந்த மன்றத்துக்கு உண்டு. சான்று பெற வண்டிக்குள் நிலையாகப் பொருத்திய கழிப்பறை வேண்டும். கையில் தூக்கி வைக்கும் சிறு கழிப்பறைப் பெட்டி இனிச் செல்லாது. படுக்கையை விரித்த நிலையிலும் கழிப்பறையைப் பயன்படுத்த முடிய வேண்டும் என்பதும் நிபந்தனை. பெட்டியை வாங்கிக் கட்டிலடியில் போட்டுவிட்டுப் புதருக்குப் போனவர்களை மனதில் வைத்தே இதை எழுதியிருக்கிறார்கள் என்பது படித்தாலே தெரிகிறது. பழைய நீல ஒட்டுவில்லையின் இடத்தில் பச்சை வில்லை வந்தது. வில்லையில் எத்தனை பேருக்கு அந்த வண்டி தகுதியானது என்ற எண்ணும் இருக்கும். இருவருக்கான வண்டியில் நால்வர் படுத்தால் சான்று இருந்தும் பயனில்லை.

மீறினால் அபராதம் 400 நியூசிலாந்து டாலரில் தொடங்குகிறது. வண்டி வாடகையானாலும் சீட்டு ஓட்டியவரையே வந்து சேரும். ஒப்பந்தத்திலேயே அதற்கு இடம் வைத்திருப்பார்கள்.

ஒரு விலக்கு கவனிக்கத்தக்கது. தூக்கக் கலக்கத்தில் ஓட்டுவதைத் தவிர்க்கச் சாலையோரம் வண்டியை நிறுத்திக் கண்ணயர்வதைச் சட்டம் ஃப்ரீடம் கேம்பிங்காகக் கருதுவதில்லை. வெளியே நாற்காலி விரித்து, அடுப்பு மூட்டிச் சமைத்துவிட்டு அதே காரணத்தைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

நாட்டுக்குள் நுழையும்போது

இந்தியா, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு முன்கூட்டியே விசா வேண்டும். விசாக் கட்டணத்தோடு பன்னாட்டுப் பயணியர் வரியும் சேரும்; 2019இல் 35 டாலராகத் தொடங்கிய இது 2024 அக்டோபர் முதல் 100 டாலர்.

உயிர்ப்பாதுகாப்புச் சோதனை உலகிலேயே கடுமையானவற்றில் ஒன்று. தமிழ்க் குடும்பம் பெட்டியில் அடுக்கும் பொருட்களில் பாதி அங்கே கேள்விக்குரியவை. பச்சைக் கறிவேப்பிலையும் தேனும் உள்ளே போகாது. முழு மிளகு, மல்லி, நெய், பால் இனிப்பு, ஊறுகாய் என எதுவானாலும் படிவத்தில் அறிவித்துவிட வேண்டும். அறிவித்த பொருளைப் பறிமுதல் செய்தாலும் அபராதம் இல்லை. மறைத்தால் அந்த இடத்திலேயே 400 டாலர். நடைபயண ஷூ, கூடாரம், மீன்பிடிச் சாதனம் ஆகியவற்றையும் அறிவிக்க வேண்டும். அடியில் மண் ஒட்டியிருந்தால் கழுவச் சொல்வார்கள். ஊரிலேயே தேய்த்துக் கழுவி எடுத்துப் போவது நல்லது. அரிசி, பருப்பு, மசாலா எல்லாம் ஆக்லாந்தின் இந்திய மளிகைக் கடைகளிலேயே கிடைக்கின்றன.

சாலை

இடப்பக்க ஓட்டம் என்பதால் நம்மவர்களுக்குப் பாதித் தயக்கம் தீர்ந்துவிடுகிறது. சாதாரணக் கார் உரிமத்தோடு 6,000 கிலோ வரை எடையுள்ள வண்டியை ஓட்டலாம். உரிமம் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும், இல்லையேல் அங்கீகரித்த மொழிபெயர்ப்பு உடனிருக்க வேண்டும்.

சென்னையிலிருந்து ஆக்லாந்துக்கு நேரடி விமானம் இல்லை. வழியில் மாறி, கடிகாரத்தை ஆறரை அல்லது ஏழரை மணிநேரம் முன்னே தள்ளி இறங்கிய அன்றே ஏழு மீட்டர் வண்டியைக் கையில் எடுப்பது ஆபத்தான சிக்கனம். முதல் இரவை ஊருக்குள் அறையெடுத்துத் தூங்கிக் கழிக்கலாம்.

திறந்த சாலைகளில் உச்ச வேகம் பொதுவாக மணிக்கு 100 கி.மீ.; 3,500 கிலோவுக்கு மேற்பட்ட வண்டிக்கு 90. பெரிய மோட்டார்ஹோம்கள் இந்த இரண்டாம் வகையில் வரும் என்பதை வாடகைக்கு எடுப்பவர்கள் பலர் கவனிப்பதில்லை. நெடுஞ்சாலை என்ற பெயரிருந்தாலும் பெரும்பாலான தூரம் இருவழிச் சாலைதான். வரைபடச் செயலி காட்டும் நேரம் காருக்கானது. கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து குவீன்ஸ்டவுன் ஏறத்தாழ 480 கி.மீ.; காருக்கு ஆறு மணிநேரம் என்றால் கேம்பர்வேனுக்கு ஒரு முழுப் பகல் ஒதுக்க வேண்டும். பின்னால் வண்டிகள் சேர்ந்துவிட்டால் இடம் கிடைக்குமிடத்தில் ஒதுங்கி வழிவிட வேண்டும். உள்ளூர்க்காரர்களுக்குச் சுற்றுலா வண்டிகள் மீதுள்ள முதல் எரிச்சல் இதுதான்.

தெற்குத் தீவின் மேற்குக் கரையில் ஒருவழிப் பாலங்கள் நிறைய உண்டு. சிவப்பு விளிம்புள்ள வட்டப் பலகை தெரிந்தால் எதிரே வருபவருக்கு முன்னுரிமை. பெரிய வெள்ளை அம்புக்குறியுள்ள நீலப் பலகை என்றால் முன்னுரிமை நமக்கு. நீலப் பலகை இருந்தாலும் எதிரே ஒருவர் பாலத்தில் ஏறிவிட்டால் காத்திருக்கத்தான் வேண்டும்.

டி அனாவிலிருந்து மில்ஃபோர்டு சவுண்டு செல்லும் 120 கி.மீ. சாலை தனியாகச் சொல்லத்தக்கது. 1954இல் திறக்கப்பட்ட 1.2 கி.மீ. நீள ஹோமர் சுரங்கம் இதில்தான் உள்ளது. குளிர்காலத்தில் பனிச்சரிவு அபாயத்தால் சாலையை மூடுவதுண்டு. டயருக்கான சங்கிலி இல்லாமல் விட மாட்டார்கள். டி அனாவிலேயே எரிபொருளை நிரப்பிவிட வேண்டும். வழியில் நினைத்த இடத்தில் இரவு தங்க முடியாது; கேஸ்கேட் க்ரீக் போன்ற டாக் முகாம்களே கதி.

காப்பீட்டைப் படிக்காமல் கையெழுத்திடுவது நம்மவர்களின் பழக்கம். முழுக் காப்பீடு என்று விற்பதிலும் வண்டியின் கூரைக்கும் அடிப்பாகத்துக்கும் ஏற்படும் சேதம் பெரும்பாலும் சேராது. ஸ்கிப்பர்ஸ் சாலை, தொண்ணூறு மைல் கடற்கரை ஆகியவற்றில் வாடகை வண்டிக்குக் காப்பீடு கிடையாது என்பது ஏறக்குறைய எல்லா ஒப்பந்தங்களிலும் இருக்கும். மற்றொன்று: விபத்தில் காயமடைந்தால் பயணிக்கும் அந்நாட்டின் ஏசிசி திட்டம் சிகிச்சைக்கு உதவும், காய்ச்சலுக்கோ நெஞ்சுவலிக்கோ உதவாது. பயணக் காப்பீடு தனியே எடுத்தே ஆக வேண்டும்.

இரு தீவுகளுக்கும் இடையே வெலிங்டன் – பிக்டன் படகு மூன்று முதல் மூன்றரை மணிநேரம் எடுக்கும். வண்டியின் நீளத்தைச் சரியாகச் சொல்லிப் பதிவு செய்து, ஏறுமுன் எரிவாயு சிலிண்டரை மூடிவிட வேண்டும். படகுக்கு நேரமிருந்தால் வெலிங்டனின் டெ பாப்பா அருங்காட்சியகத்தைத் தமிழர்கள் தவறவிடக்கூடாது. தமிழ் எழுத்துப் பொறித்த பழைய கப்பல் மணி ஒன்று அதன் சேகரிப்பில் உள்ளது. மாவோரி மக்கள் கிழங்கு வேகவைக்கப் பயன்படுத்திவந்த அதை, 19ஆம் நூற்றாண்டில் வில்லியம் கொலன்சோ என்ற மதபோதகர் கண்டெடுத்தார்.

இரவுத் தங்கல்

மூன்று வகை உண்டு. மின் இணைப்பு, வெந்நீர், சலவை எந்திரம், பொதுச் சமையலறை எல்லாம் கொண்ட ஹாலிடே பார்க், குறைந்த கட்டணத்தில், சில இடங்களில் இலவசமாகவே கிடைக்கும் டாக் முகாம், இலவசப் பொதுநிலம். இலவசம் என்றே நாள்தோறும் ஓடுவது தவறான கணக்கு. இரண்டு மூன்று இரவுக்கு ஒருமுறை ஹாலிடே பார்க்கில் தங்கினால் மின்கலம் நிறையும், தொட்டி காலியாகும், துணியும் காயும். உள்ளூருக்கும் நாலு காசு போய்ச் சேரும்.

பொதுநிலத்தில் அனுமதி உண்டா என்பதைச் செயலியில் மட்டும் பார்த்து முடிவு செய்யக்கூடாது. கேம்பர்மேட் போன்ற செயலிகள் பயன்மிக்கவைதான். ஆனால் உள்ளாட்சி விதி மாறிய பிறகும் பழைய குறிப்பு அதில் கிடக்கலாம். நிறுத்துமிடத்தில் நட்டிருக்கும் பலகையில் உள்ளதே செல்லும்.

குளிருக்காக எரிவாயு அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டு தூங்குவது உயிருக்கு ஆபத்து. மூடிய வண்டியில் சேரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. சமைக்கும்போது சன்னலைத் திறந்து வைக்க வேண்டும். தாளிப்புப் புகைக்கும் அதுவே மருந்து.

கழிவை அகற்றுதல்

வண்டியில் இரண்டு வகைக் கழிவு சேர்கிறது. தொட்டியிலும் குளியலிலும் வடியும் நீர் ஒன்று. கழிப்பறையின் அடியிலுள்ள ‘கேசட்’ என்ற பெட்டியில் சேர்வது மற்றொன்று. இரண்டையும் ‘டம்ப் ஸ்டேஷன்’ என்ற இடத்தில் மட்டுமே கொட்டலாம். மழைநீர் வடிகால் நேராக ஆற்றுக்கோ கடலுக்கோ போவதால், பாத்திரம் கழுவிய நீரைக்கூட அதில் விடக்கூடாது.

கேசட்டைக் காலி செய்வதை வாடகைக் கடையில் ஒரே நிமிடத்தில் காட்டி முடித்துவிடுவார்கள். முதலில் வண்டிக்குள் கேசட்டின் தகட்டை மூடிவிட்டு, வெளிக்கதவைத் திறந்து பெட்டியை இழுக்க வேண்டும். தகடு திறந்திருந்தால் பெட்டி வராது. கையுறை அவசியம். மூக்குக் குழாயை வெளிப்பக்கம் திருப்பி, மூடியைக் கழற்றி, காற்றுப் பொத்தானை விரலால் அழுத்தியபடி சாய்க்க வேண்டும். பொத்தானை அழுத்த மறந்தால் களக் களக் என்று குமிழியிட்டுக் கால்மேல் தெறிக்கும். அலசுவதற்கென அங்கே தனிக் குழாய் இருக்கும். குடிநீர்க் குழாயின் அருகில்கூட கேசட்டைக் கொண்டுபோகக்கூடாது. பிறகு சிறிது நீரும் கழிப்பறை மருந்தும் விட்டுப் பெட்டியைத் திரும்பச் செருகலாம். ஃபார்மால்டிஹைடு கலந்த மருந்து கழிவுத்தொட்டியில் மக்கவைக்கும் நுண்ணுயிரைக் கொன்றுவிடும் என்பதால் அது கலக்காத வகையைக் கேட்டு வாங்க வேண்டும். இதெல்லாம் தாங்காது என்று சிலர் கழிப்பறையைப் பூட்டியே வைத்துவிட்டு ஊர் சுற்றுகிறார்கள். பச்சை வில்லை ஒட்டிய வண்டியில் போய்க்கொண்டே புதரை நாடுவதைவிட மோசமான விருந்தாளித்தனம் வேறில்லை.

ஆறுகளும் உயிர்களும்

2004இல் தெற்குத் தீவின் வையாவ் ஆற்றில் டிடிமோ என்ற பாசி கண்டறியப்பட்டது. தென்னரைக்கோளத்தில் அதுவே முதல் முறை. ஒரு துளி நீரில் ஒட்டியே அடுத்த ஆற்றுக்குப் போய்விடும் உயிர் அது. எனவே ஓர் ஆற்றிலோ ஏரியிலோ நனைந்த செருப்பு, துண்டு, படகு எதையும் அடுத்ததில் நனைக்குமுன் பார்த்து, பாத்திர சோப்புக் கரைசலில் கழுவி, காய்ந்தபின் மேலும் 48 மணிநேரம் உலரவிட வேண்டும். வட தீவில் வைப்போவா காட்டின் கௌரி மரங்களை வேர்நோய் தாக்கிவருவதால், நடைபாதை முகப்பில் காலணியைத் தேய்த்துக் கழுவும் நிலையம் வைத்திருக்கிறார்கள். அவசரத்தில் தாண்டிப் போகக்கூடாது.

மலைப்பகுதியில் வரும் கேயா கிளிகள் வண்டியின் ரப்பர் பட்டையைக் கொத்தி இழுப்பதில் தேர்ந்தவை. வேடிக்கைக்கு ஒரு பிஸ்கட் போட்டாலும் அவை சாலையோரத்தை விட்டு நகராது, வண்டியில் அடிபட்டுச் சாகும்.

மாவோரி வழக்கங்கள்

உணவையும் உடல் சார்ந்தவற்றையும் பிரித்து வைப்பது மாவோரி மரபு. உணவு மேசைமேல் உட்காருவது, பாத்திரத் துடைப்புத் துணியை உள்ளாடைகளோடு துவைப்பது, சமையல் தொட்டியில் கால் கழுவுவது ஆகியவை முகம் சுளிக்க வைக்கும். எச்சில், தீட்டு பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு கடற்கரையிலோ ஏரியிலோ ‘ராஹுயி’ அறிவிப்பு இருந்தால், யாரேனும் மூழ்கி இறந்ததாலோ உயிர்வளம் மீளவோ அங்கே தற்காலிகத் தடை விதித்திருக்கிறார்கள் என்று பொருள். அங்கே மீன் பிடிப்பதும் நீந்துவதும் கூடாது.

செலவும் ஒப்படைப்பும்

டீசல் வண்டிக்குச் சாலை வரி எரிபொருள் விலையில் சேர்வதில்லை. ஓடிய கிலோமீட்டருக்கு ஏற்பத் தனியே வசூலிப்பார்கள். வாடகை நிறுவனம் இதைக் கடைசி நாளில் ரசீதில் சேர்க்கும். டீசல் மலிவு என்று மகிழ்ந்தவர்கள் அங்கே திகைப்பதுண்டு. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வாடகை உச்சத்தில் இருக்கும். மார்ச், ஏப்ரலில் கூட்டமும் குறைவு, வானிலையும் தெளிவு.

ஒப்படைக்குமுன் கேசட்டையும் கழிவுநீர்த் தொட்டியையும் காலி செய்ய வேண்டும். தவறினால் துப்புரவுக் கட்டணம் பிடிப்பார்கள். மிச்சமுள்ள அரிசி, எண்ணெய், உப்பைக் குப்பையில் போட வேண்டாம். பல ஹாலிடே பார்க் சமையலறைகளில் அடுத்து வருபவர் எடுத்துக்கொள்ள ஓர் இலவச அலமாரி இருக்கிறது.