சாதாளையும் சாம்பலும்

ஸ்கொட்லாந்தின் மேற்கே ஹெப்ரிடிஸ் தீவுகளில் வற்று நேரம் கரையில் இறங்கினால், பாறைகளை மூடிக் கிடக்கும் பழுப்புப் பாசியில் கால் வழுக்கும். கரையொதுங்கிய சாதாளையைத் தோட்டத்துக்குத் தாழ்த்துவதைக் கண்டு வளர்ந்த எங்களுக்கு, அந்தத் தீவார் இதே பாசியைச் சுமந்துபோய்ப் பாத்திகளுக்குப் போட்டார்கள் என்பது புதினமாய்த் தெரியவில்லை. புதினமானது அதற்குப் பிறகு நடந்தது.

இந்தப் பாசிகளுக்குள் ஒரு வரிசை உண்டு. உச்சியில், அலை எட்டியும் எட்டாமலும் இருக்கும் இடத்தில் பெல்வெற்றியா. காய்ந்து கறுத்துக் கருவாடாய்க் கிடந்தாலும் அடுத்த பெருக்கில் உயிர்க்கும். ஓயாமல் நீருக்குள் வைத்தால் அழுகும். கீழே பியூக்கஸ் வகைகள், அலை அடங்கிய குடாக்களில் அஸ்கோபில்லம். கடைசியாக, வற்றிலும் நீர் அநேகமாய் விலகாத இடத்தில் லமினேரியா. ஒரு பாசியை மேலே ஏறவிடாமல் தடுப்பது பெரும்பாலும் வெயிலும் காற்றும். கீழே இறங்கவிடாமல் தடுப்பது பக்கத்து வீட்டுக்காரர்தான்.

அஸ்கோபில்லம் அவசரமில்லாத சீவன். வளர்ந்த கிளையில் ஆண்டுக்கு ஒரு காற்றுப்பை. எண்ணி வயதை மட்டிடலாம். அடிக்கட்டையை விட்டு வெட்டினால் சில ஆண்டுகளில் மீளும். வேரோடு பிடுங்கினால் பியூக்கஸ் முந்திக்கொள்ளும், அல்லது பாறை மொட்டையாய்க் கிடக்கும்.

18ஆம் நூற்றாண்டில் கண்ணாடிக்கும் சவர்க்காரத்துக்கும் சோடா தேவைப்பட்டது. பாசியை எரித்த சாம்பலில் அது இருந்தது. நெப்போலியன் காலத்துப் போர்களால் ஸ்பெயினின் பரில்லாச் சாம்பல் வருவது தடைப்பட, விலை தொன்னுக்கு 20 பவுண் வரை ஏறியது. கோடையில் குடும்பம் குடும்பமாய் இடுப்பளவு நீரில் நின்று அரிவாளால் அறுத்து, கயிறு சுற்றிப் பெருக்கோடு கரைசேர்த்து, உலர்த்தி, கல் அடுக்கிய குழிகளில் எரித்தார்கள். ஒரு தொன் சாம்பலுக்கு ஏறத்தாழ 20 தொன் ஈரப்பாசி. எரித்தவருக்குக் கிடைத்தது தொன்னுக்கு ஒன்றிரண்டு பவுண், மிச்சம் நிலப்பிரபுவுக்கு. பாசியும் அவருடையதாம். தோட்டத்துக்குப் போன பசளை சூளைக்குப் போயிற்று.

ஆட்கள் கடல்கடந்து போய்விட்டால் யார் எரிப்பது? 1803இல் வந்த பயணிகள் சட்டம், கப்பலில் ஏற்றக்கூடிய ஆட்தொகையைக் குறைத்துக் கட்டணத்தை ஏற்றியது. பயணிகளின் நலனுக்காம். அதற்குப் பின்னால் நின்றவர்களில் மேட்டுநில நிலப்பிரபுக்களும் இருந்தார்கள். (போகவிடாமல் மறிப்பதற்கு நலன் என்ற பெயரை நாங்களும் கேட்டிருக்கிறோம்.)

1820களில் பரில்லாவின் தீர்வை குறைந்தது. உப்புவரி நீங்கி, உப்பிலிருந்தே மலிவாய்ச் சோடா செய்தார்கள். சாம்பலின் விலை விழுந்தது. மறித்து வைத்திருந்த சனம் இப்போது பாரமாயிற்று. தென் உயிஸ்ட்டை வம்சவழியாய் ஆண்ட கிளான்ரனால்ட் பிரபு 1838இல் அதை விற்றார். வாங்கிய கோர்டன் 1851இல் அங்கும் பாரா தீவிலும் ஆட்களைப் பிடித்துக் கட்டாயமாய்க் கப்பலேற்றிக் கனடாவுக்கு அனுப்பினார். கியூபெக்கில் இறங்கியபோது பலரிடம் மாற்றுடுப்பும் இல்லை.

அவர்களுக்கு முன்னே போன தீவார் பலர் நோவா ஸ்கோஷியாவின் கேப் பிரெட்டனில் குடியேறியிருந்தார்கள். அந்த மாகாணத்துக் கரைகளிலும் அஸ்கோபில்லம் வளர்கிறது. இப்போது அதை வெட்டிப் பசளையாக்கி விற்கிறார்கள். அடிக்கட்டையை விட்டுத்தான் வெட்டவேண்டும் என்பது அங்கே விதி.