காற்று பகையான கதை

சொந்தக்கையால் டீசல் ஃபில்டர் மாற்றிய பிறகு படகு இன்ஜின் முரண்டுபிடித்தால், டீசலைத்தான் முதலில் சந்தேகிக்கிறோம். வரலாறு வேறொன்றைக் காட்டுகிறது. 1897இல் ஆக்ஸ்பர்க்கில் ருடால்ஃப் டீசல் ஓட்டிக்காட்டிய இன்ஜினில், எரிபொருளைச் சிலிண்டருக்குள் பீய்ச்சியதே அழுத்தப்பட்ட காற்றுதான். அதற்கான கனத்த கம்ப்ரசரைச் சிறு படகு எப்படிச் சுமக்கும்? 1927இல் பாஷ் நிறுவனம் தொடர் உற்பத்தியில் இறக்கிய பம்ப், காற்றின் துணையின்றி டீசலையே அழுத்தியது. அன்றோடு தோழன் பகைவனானான். டீசல் எளிதில் சுருங்காது, காற்று சுருங்கும். குழாயில் குமிழி சிக்கினால் பம்ப் அதையே நசுக்கிக்கொண்டிருக்கும், நாசில் திறக்காது.

2019இல் மலேசியப் போக்குவரத்து டீசலில் பத்து விழுக்காடு செம்பனை பயோடீசல் கலக்கத் தொடங்கினார்களே, அது ஈரத்தை இழுக்காதா என்று கேட்கலாம். இழுக்கும்; தொட்டியடியில் நீரும் கசடும் சேரும். ஆனால் அவை நாள்பட வளரும் நோய்கள். ஸ்பேனர் பட்ட அன்றே தொடங்கிய கோளாறுக்குப் பெரும்பாலும் புரண்ட கேஸ்கெட்டோ பழைய வாஷரோதான் காரணம். உறிஞ்சும் பக்கத்தில் டீசல் வெளியே சொட்டாமலே காற்று உள்ளே நுழைந்துவிடும் என்பதால், துடைத்துப் பார்த்து 'கசிவில்லை' என்பது சான்றாகாது. காற்றெடுக்கும் திருகைத் தளர்த்தி, குமிழியற்ற டீசல் வரும்வரை கைப்பம்பை அடித்துப் பார்ப்பதே சோதனை.