பாஸ்டனிலிருந்து பரண் வரை

1830 ஆகஸ்டில் பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்குப் புறப்பட்ட ‘கார்வோ’ என்ற பாய்மரக் கப்பலில், மாலுமி வேலை பழக 16 வயதுப் பையன் ஒருவன் ஏறினான். பெயர் சாமுவேல் கோல்ட். சுக்கான் சக்கரத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் அதன் ஆரங்களில் ஒன்று பூட்டுக்கு நேரே வந்து நிற்பதைக் கவனித்தான். கத்தியும் மரத்துண்டுமாக உட்கார்ந்து, சுழலும் உருளை கொண்ட கைத்துப்பாக்கிக்கு மாதிரி செதுக்கினான். இது கோல்ட் நிறுவனம் காலம்காலமாகச் சொல்லிவந்த கதை. கோல்ட் விளம்பரத்தில் கைதேர்ந்தவர், ஆகவே கொஞ்சம் கழித்துக்கொண்டுதான் கேட்க வேண்டும். எலிஷா காலியர் என்ற பாஸ்டன்காரர் 1818-லேயே லண்டனில் சுழல் துப்பாக்கிக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். அந்தத் துப்பாக்கிகள் ஆங்கில அதிகாரிகளின் இடுப்பில் இந்தியாவுக்கும் வந்திருந்தன. கல்கத்தாவில் இறங்கிய பையன் கண்ணில் அப்படி ஒன்று பட்டிருக்கும் என்று சொல்கிறவர்களும் உண்டு.

பாஸ்டனும் இந்தியாவும் அன்று நாம் நினைப்பதைவிட நெருக்கம். கோல்ட் வந்துபோன மூன்றே ஆண்டில் அதே ஊரிலிருந்து ‘டஸ்கனி’ என்ற கப்பல் கல்கத்தாவுக்கு ஐஸ் கட்டி ஏற்றி வந்தது. அந்த வியாபாரம் சென்னைக்கும் நீண்டு, 1842-இல் கடற்கரையில் கட்டிய கிடங்குதான் ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம்.

கோல்ட் 1836-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்று நியூஜெர்சியில் கம்பெனி தொடங்கினார். 1842-இல் அது நொடித்தது. மெக்ஸிகோவுடன் மூண்ட போர் அவரை மறுபடி எழுப்பியது. 1851 லண்டன் கண்காட்சியில் கடை விரித்தவர், 1853-இல் தேம்ஸ் கரையில் தொழிற்சாலையே போட்டுவிட்டார். ஒரே அளவில் இயந்திரம் கடைந்த உறுப்புகள். ஒன்றின் உறுப்பை இன்னொன்றில் மாட்டலாம் என்பது அவருடைய பெருமை. கிரிமியப் போருக்கு பிரிட்டிஷ் அரசு இவற்றை ஆயிரக்கணக்கில் வாங்கியது. அந்த அரசின் படை எங்கே போனதோ அங்கெல்லாம் கோல்ட்டும் போயிற்று.

இன்று சேகரிப்பாளர்கள் விரும்பித் தேடும் ‘1851 நேவி’ மாடலைக் கிட்டே வைத்துப் பார்த்தால் சில விஷயங்கள் விளங்கும். எண்கோணக் குழல், ஏழரை அங்குல நீளம். உருளையில் ஆறு அறைகள். அதைச் சுற்றி மெல்லிய கோடுகளில் ஒரு கடற்போர்க் காட்சி. 1843-இல் டெக்ஸாஸ் கப்பல்களும் மெக்ஸிகோ கப்பல்களும் மோதிய போர் அது. உலோகத் தோட்டா வழக்கத்துக்கு வராத காலம். ஒவ்வோர் அறையிலும் கருமருந்தைக் கொட்டி, ஈயக் குண்டை வைத்து, குழலுக்கு அடியில் இருக்கும் நெம்புகோலால் இறுக்க வேண்டும். பின்பக்கக் காம்பு ஒவ்வொன்றிலும் சின்னச் செப்புத் தொப்பி ஒன்றைச் செருக வேண்டும். தீபாவளிப் பொட்டு வெடியைக் கல்லால் தட்டினால் என்ன ஆகுமோ அதுதான் சுத்தி அடிக்கும்போது அந்தத் தொப்பிக்குள் நடக்கிறது. சுத்தியைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்தால் உருளை ஓர் அறை சுழன்று நிற்கும். பின்பக்கக் குறிக்குத் தனி உறுப்பு கிடையாது. இழுத்து வைத்த சுத்தியின் தலையில் வெட்டிய பள்ளம்தான் பின்குறி. லண்டனில் செய்ததா, அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் செய்ததா என்று தெரிய வேண்டுமானால் குழலின் மேல் பொறித்திருக்கும் முகவரியை முதலில் படிக்க வேண்டும்.

1857 கிளர்ச்சியின்போது இந்தத் துப்பாக்கிகள் சிப்பாய்களை நோக்கிச் சுட்டன. ஃபாஸ்பரி என்ற அதிகாரி பிற்பாடு ஒரு கதை சொன்னார். துப்பாக்கி சுடுவதில் தன்னை மிஞ்ச ஆள் இல்லை என்றிருந்த ஓர் ஆங்கிலேயர், வாளோடு வந்த சிப்பாய் ஒருவரைக் கோல்ட் நேவியால் சுட்டார். குண்டுகள் மார்பில் பாய்ந்தன. ஆனால் 0.36 அங்குலக் குண்டு சன்னமானது. சிப்பாய் நிற்கவில்லை, வந்து வெட்டிவிட்டுத்தான் விழுந்தார். பெரிய குண்டு போடும் ஆடம்ஸ் ரிவால்வர்தான் காலனிக்குச் சரி என்று வாதாடியவர்களுக்கு இந்தக் கதை வாகாகக் கிடைத்தது. எந்தத் துப்பாக்கி நம்மை நன்றாகக் கொல்லும் என்பதுதான் வாதம் என்பதை மட்டும் நாம் மறக்க வேண்டியதில்லை. அந்தப் போருக்குச் சென்னையிலிருந்து கப்பலேறியவர் கர்னல் நீல். அலகாபாத்திலும் கான்பூரிலும் அவர் செய்த கொடுமைகளுக்காக மவுண்ட் ரோட்டில் இருந்த அவர் சிலையை எதிர்த்து 1927-இல் சத்தியாக்கிரகம் நடந்தது. 1937-இல் ராஜாஜி ஆட்சியில் அகற்றப்பட்ட அந்தச் சிலை இப்போது எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

1878-இல் லிட்டன் பிரபு கொண்டுவந்த ஆயுதச் சட்டம் இந்தியர்கள் துப்பாக்கி வைத்திருக்க உரிமம் கேட்டது. ஐரோப்பியர்களுக்கு விலக்கு அளித்தது. 1887 டிசம்பரில் ஆயிரம் விளக்கு மக்கீஸ் கார்டனில் கூடிய மூன்றாவது காங்கிரஸ் மாநாடு இந்தச் சட்டத்தை மாற்றக் கோரித் தீர்மானம் போட்டது. அகிம்சையைக் கொள்கையாக ஏற்கும் முன்பு காங்கிரஸ் கேட்டவற்றில் துப்பாக்கி வைத்துக்கொள்ளும் உரிமையும் ஒன்று.  மவுண்ட் ரோட்டில் மணிக்கூண்டோடு நிற்கும் பி. ஆர் அண்ட் சன்ஸ் கடிகாரத்தோடு துப்பாக்கியும் விற்றது. ‘மெட்ராஸ், ரங்கூன்’ என்று கடைப் பெயர் பொறித்த வேட்டைத் துப்பாக்கிகள் இன்றும் ஏலத்துக்கு வருகின்றன. அவை பெரும்பாலும் இங்கிலாந்துச் சரக்கு. கோல்ட், ஸ்மித் அண்ட் வெஸன் போன்ற அமெரிக்கத் துப்பாக்கிகள் இங்கே என்றுமே சிறுபான்மை.

ஆனால் அந்தத் துப்பாக்கிகளின் காலத்தை நேரில் வாழ்ந்த அமெரிக்கர் ஒருவர் அடையாறில் குடியிருந்தார். கர்னல் ஹென்றி ஸ்டீல் ஆல்காட், அமெரிக்க உள்நாட்டுப் போரில் ராணுவக் கொள்முதல் மோசடிகளை விசாரித்தவர். 1865-இல் லிங்கன் கொலையை விசாரித்த குழுவிலும் இருந்தவர். அப்படிப்பட்டவர் 1882-இல் அடையாற்றங்கரையில் பிரம்மஞான சபையை நிலைநிறுத்தி, பௌத்தராக வாழ்ந்து, ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி திறந்து, 1907-இல் இங்கேயே காலமானார்.

அமெரிக்க ரிவால்வர் தமிழ்நாட்டில் பெருவாரியாக நுழைந்தது அதற்கெல்லாம் பிறகுதான், அதுவும் சுடாமல். 1972-இல் ‘கங்கா’ என்ற கௌபாய் படத்தில் ஜெய்சங்கர் குதிரையேறி வந்தார். சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் பக்கங்களில் இத்தாலியில் பிறந்த டெக்ஸ் வில்லரும், பிரெஞ்சு மொழியில் பிறந்த கேப்டன் டைகரும் தமிழ் பேசிக்கொண்டு கோல்ட்டை உருவினார்கள். பொட்டு வெடியும் அதே சிவகாசியிலிருந்துதான். மயிலாப்பூரிலும் தி. நகரிலும் பழைய லயன் இதழ்களைத் தேடி அலைகிற ஐம்பது வயதுக்காரர்கள் உண்டு. நம் ஊரின் உண்மையான ரிவால்வர் சேகரிப்பு அவர்கள் அலமாரியில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

அசல் இரும்பைச் சேர்க்க ஆசைப்படுகிறவர் படும் பாடு வேறு. அமெரிக்காவில் 1898-ஆம் ஆண்டும் அதற்கு முன்பும் செய்த துப்பாக்கியைக் கூட்டாட்சிச் சட்டம் பழம்பொருள் என்று ஒதுக்கிவிடுகிறது. இங்கே 1959 ஆயுதச் சட்டம் வயதைப் பார்த்துச் சும்மா விட்டுவிடாது. பழமையானதாக இருந்தாலும், பழுது பார்த்தாலும்கூடச் சுட முடியாததாக இருந்தால்தான் விலக்கு. 2020 பிப்ரவரியில் உள்துறை அமைச்சகம் விதிகளைத் திருத்தி, அரும்பொருள் வகையில் அடங்கும் சிறு ஆயுதங்களைக் குடிமக்கள் உரிமம் இல்லாமல் வைத்திருக்க அனுமதித்தது. சுடவோ, எடுத்துப் போகவோ உரிமம் வேண்டும். பாஸ்டன், லண்டன், கல்கத்தா என்று சுற்றிய பொருள், மாட வீதியிலிருந்து பாண்டி பஜாருக்குப் போக மட்டும் காகிதம் கேட்கிறது. நூறு வயது தாண்டிய பழம்பொருளை வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கு 1972 தொல்பொருள் சட்டமும் தடை. எனக்கு இதில் பெரிய வருத்தமில்லை. வெளியே போன செப்புத் திருமேனிகளைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டிருக்கும் ஊர், எதையும் எளிதில் வெளியே விடாமலிருப்பது நல்லதுதான்.

பழைய வீட்டை இடித்து ஃபிளாட் கட்டப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பரணிலோ தாத்தாவின் தேக்குப் பெட்டியிலோ இப்படி ஒன்று அகப்பட்டால் விசையை இழுத்துப் பார்க்காதீர்கள். உலர்ந்திருந்த கருமருந்து நூறு ஆண்டு கழித்தும் வெடிக்கும். எமரி தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். பொறிப்பும் எண்ணும் போய்விட்டால் அதன் வரலாறும் விலையும் சேர்ந்து போகும். பையில் போட்டு எடுத்துப் போகாமல் முதலில் பகுதிக் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லுங்கள். வைத்துக்கொள்ள விருப்பமில்லை என்றால் எழும்பூரில் அரசு அருங்காட்சியகமும், பழைய கமிஷனர் அலுவலகத்தில் 2021-இல் திறந்த காவல் அருங்காட்சியகமும் இருக்கின்றன. கொடுக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.