கடப்பாரை நீச்சலும் ஒரு முட்டையும்

எங்கள் பக்கத்தில் நீச்சல் தெரியாதவனைக் கண்டால், "இவனுக்குக் கடப்பாரை நீச்சல்தான் வரும்" என்று கேலி செய்வார்கள். கடப்பாரையைக் கிணற்றில் போட்டால் என்ன ஆகுமோ, அதுதான். அறுபத்தொரு வயது வரை நானும் அந்தக் கட்சிதான்.

ஊரில் மற்ற பையன்களுக்கு எட்டு ஒன்பது வயதுக்குள் இடுப்பில் கயிற்றைக் கட்டியோ, முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டியோ கிணற்றில் இறக்கிவிடுவார்கள். பத்து நாளில் பழகிவிடும். எனக்கு அது நடக்கவில்லை. 1958-ல் என் அண்ணன் அந்தக் கிணற்றில்தான் போனான். அதற்குப் பிறகு அம்மா என்னைக் கிணற்று மேட்டுக்கே விடவில்லை.

எனக்கு வாய்த்த உத்தியோகமோ தண்ணீரோடு. முப்பத்து நான்கு வருஷம் பாசன வேலை. ஏரிக்கரை, மதகு, கலிங்கு என்றே காலம் போயிற்று. கார்த்திகை மழையில் நடுராத்திரி ஷட்டர் மேடையில் நின்றுகொண்டு, கீழே சுழித்துப் போகும் தண்ணீரைப் பார்க்காமல் லஸ்கர்களுக்கு உத்தரவு போடுவேன். அவர்கள் எல்லோரும் மீன் மாதிரி நீந்துவார்கள். ஐயாவுக்கு நீச்சல் தெரியாது என்பது அவர்களுக்கும் தெரிந்துதான் இருக்கும். யாரும் கேட்டதில்லை.

இதே நிலையில் இங்கிலாந்தில் ஒருவர் இருந்தார். ஆலிவர் நீவ் என்று பெயர். புதிதாகக் கிடைத்த வேலையில் அடிக்கடி படகில் போக வேண்டும். தண்ணீர் என்றாலே நடுக்கம். இந்த வயதில் இனி எங்கே கற்பது என்ற எண்ணம். அவருக்கு ஒரு நண்பர் நீளமாகக் கடிதம் எழுதினார். அந்த நண்பர் பெஞ்சமின் பிராங்க்ளின். 1769-ல் லண்டனில் அவருடைய மின்சார ஆய்வு நூலின் புதிய பதிப்பு வந்தபோது, இந்தக் கடிதமும் அதில் அச்சாயிற்று. மின்சாரத்துக்கு நடுவே நீச்சல் பாடம்!

அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் படித்தவர்களுக்கு நீச்சல் தெரியாதது அதிசயமில்லை. 1571-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம், மாணவர்கள் ஆற்றிலோ குளத்திலோ இறங்கக் கூடாது என்றே உத்தரவு போட்டது. மீறினால் சவுக்கடி, இரண்டாம் தடவை மீறினால் வெளியேற்றம். அதே கேம்பிரிட்ஜில் இருந்த எவரார்ட் டிக்பி 1587-ல் லத்தீனில் ஒரு நீச்சல் நூல் எழுதினார், மரக்கட்டை அச்சுப் படங்களோடு. அதிலிருந்து தாராளமாக எடுத்துக்கொண்டு பிரெஞ்சுக்காரர் தெவெனோ எழுதிய நூல், அவர் இறந்த பிறகு 1696-ல் வெளிவந்தது. மூன்று ஆண்டில் ஆங்கிலத்துக்கும் வந்துவிட்டது. சிறு வயதிலேயே நீந்தத் தெரிந்த பிராங்க்ளின், தெவெனோவின் நூலில் உள்ள அத்தனை வித்தைகளையும் செய்து பழகினார்.

லண்டனில் அச்சுக்கூடத் தொழிலாளியாக இருந்தபோது, 1726 வாக்கில், ஒரு நாள் நண்பர்கள் கேட்டதற்காகத் தேம்ஸ் நதியில் குதித்து செல்சியிலிருந்து பிளாக்ஃபிரையர்ஸ் வரை நீந்தினார். ஐந்து கிலோமீட்டருக்குக் குறையாது. கூட வேலை பார்த்த ஒருவருக்கும் அவருடைய நண்பருக்கும் இரண்டே தடவை ஆற்றில் இறக்கி நீச்சல் கற்றுக்கொடுத்தார். இது பரவி, ஒரு பெரிய மனிதர் தன் மகன்களுக்கும் சொல்லித்தரக் கூப்பிட்டு அனுப்பினார். பிராங்க்ளின் அப்போது கப்பலேறும் அவசரத்தில் இருந்தார். இங்கேயே தங்கி நீச்சல் பள்ளி வைத்திருந்தால் நல்ல பணம் பார்த்திருக்கலாம் என்று சுயசரிதையில் எழுதியிருக்கிறார். மனிதர் எதிலும் கணக்குதான்!

சரி, கடிதத்துக்கு வருகிறேன். கை கால் அடிக்கும் முறையை அவர் முதலில் சொல்லவில்லை. தண்ணீர் தாங்கும் என்ற நம்பிக்கைதான் முதலில் வர வேண்டும் என்கிறார். அதற்கு ஒரு வழி: படிப்படியாக ஆழமாகும் இடத்தில் மார்பளவு வரை நடந்து போக வேண்டும். கரையைப் பார்த்துத் திரும்பி நின்று, தனக்கும் கரைக்கும் நடுவே ஒரு முட்டையைப் போட வேண்டும். முழுகினால்தான் எட்டும், ஆனால் எழுந்து நின்றால் தலை மேலே இருக்கும். கண்ணைத் திறந்துகொண்டு முழுகி, அந்த முட்டையை எடுக்க வேண்டும். (நல்ல முட்டையாக இருக்க வேண்டும். கெட்டது மிதக்கும், நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும்.)

எடுக்கப் போனால் எடுக்க வராது. தண்ணீர் மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். முழுகிவிடுவோம் என்று பயந்தவன், முழுகப் படாதபாடு படுவான். அந்தப் பாட்டிலேயே கை காலுக்கு வேலை பழகிவிடும்.

பிறகு காரணத்தையும் விளக்குகிறார். நல்ல தண்ணீரைவிடத் தலை, கை, கால்கள் கொஞ்சம் கனம். ஆனால் நெஞ்சுக்கூடு உள்ளே வெற்றிடம் உள்ளதால் லேசு. மொத்தத்தில் உடம்பு முழுதாக அமிழாது. தவறி விழுந்தவன் பதறாமல் தலையைப் பின்னால் சாய்த்து, முகத்தை வானம் பார்க்க வைத்தால், படகு வரும் வரை சமாளிக்கலாம். ஆனால் அந்த நேரத்தில் அறிவு கைகொடுப்பதில்லை, அதில் மிருகங்களே நம்மைவிட மேல் என்றும் ஒத்துக்கொள்கிறார்.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அண்ணனுக்கு அரைகுறையாக நீச்சல் தெரியும். மேட்டில் நின்றவர்கள், அவன் இரண்டு கையையும் மேலே தூக்கினான் என்று சொன்னார்கள். கூப்பிட்டிருக்கிறான், எட்ட முடியவில்லை என்றுதான் ஐம்பது வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். தண்ணீருக்குள் இருக்கும்வரைதான் கையின் கனத்தைத் தண்ணீர் தாங்கும். வெளியே தூக்கினால் அந்தக் கனம் முழுதும் தலையைக் கீழே அழுத்தும். ஒன்பது வயதுப் பையனுக்கு அதை யாரும் சொல்லித்தரவில்லை. அம்மாவுக்கும் தெரியாது. மதகில் எத்தனை கன அடி போகிறது என்று கணக்குப் போட்ட எனக்கும் தெரியாது.

2013-ல், மகன் இருக்கும் ஊரில், நாலடி ஆழத் தொட்டியில் இறங்கினேன். மனைவி கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். முட்டைக்கு அங்கே அனுமதி கிடைக்காது என்று எவர்சில்வர் டம்ளர் ஒன்றைக் கொண்டு போனேன். முதல் நாள் முகத்தை நனைத்ததோடு சரி. நான்காம் நாள் கண்ணைத் திறந்தேன், டம்ளர் தெரிந்தது. கையை நீட்டினால் உடம்பு பந்து மாதிரி மேலே வந்துவிட்டது. பிராங்க்ளின் சொன்னபடியே! பதினோராவது நாள்தான் டம்ளர் கைக்கு வந்தது. அதற்குள் நாலைந்து கெஜம் நானாகவே நகர்ந்துகொண்டிருந்தேன்.

இப்போது மல்லாந்து கிடப்பேன், தொட்டியின் நீளத்தை இரண்டு முறை கடப்பேன். அதற்கு மேல் மூச்சு இல்லை. ஊருக்குப் போன ஒரு தடவை கிணற்றுப் படியில் இறங்கிப் பார்த்தேன். தண்ணீர் வெகு கீழே, பச்சையாகக் கொஞ்சம் கிடந்தது. காலை மட்டும் நனைத்துவிட்டு ஏறி வந்தேன்.