நாய்க்கு வரி போட்ட வருஷத்தில் வரைந்த படங்கள்

எங்கள் கீரப்பாளையத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் வயல்தான். மலை பார்க்க வேண்டுமென்றால் செஞ்சிக்குத்தான் பஸ் ஏற வேண்டும். அதனாலோ என்னவோ, 19-ஆம் நூற்றாண்டு வெள்ளைக்காரர்கள் வரைந்த வாட்டர்கலர் படங்கள் என்றால் எனக்குக் கொள்ளை ஆசை. முன்னால் இடிந்த கோயில், பின்னால் மங்கலாக மலை, படம் முழுக்க ஒரு அமைதி.

அந்த அமைதி மேல் முதல்முறையாகச் சந்தேகம் வந்தது ஆண்ட்ரூ நிக்கோல் (1804-1886) கதையைப் படித்தபோது.

நிக்கோல் அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட்காரர். செருப்புத் தைப்பவரின் மகன். 1846-ல் இலங்கைக்கு வந்து கொழும்பு அகாடமியில் (இன்றைய ராயல் கல்லூரி) ஓவிய ஆசிரியரானார். அவரை ஆதரித்தவர், அதே ஊர்க்காரரும் இலங்கையின் காலனிச் செயலாளருமான எமர்சன் டென்னன்ட். 1848-ல் நிக்கோல் ஐந்து வாரம் காடுகளில் சுற்றி, பாழடைந்த கோயில்கள், பிரம்மாண்ட சிலைகள், ஏரிகள் என்று வரைந்து தள்ளினார். அந்தப் பயணத்தை 1852-ல் டப்ளின் யுனிவர்சிட்டி மேகசினில் கட்டுரையாகவும் எழுதினார்.

காமர்ஸ் படிக்கிறவனுக்குப் புத்தி கணக்குப் பக்கம்தானே போகும்? 1847-ல் பிரிட்டனில் வியாபார நெருக்கடி. காபி விலை சரிந்தது, கூடவே இலங்கை அரசின் வருமானமும். பள்ளத்தை நிரப்ப கவர்னர் டோரிங்டன் 1848-ல் புது வரிகள் போட்டார். துப்பாக்கிக்கு வரி, கடைக்கு வரி, நாய்க்குக்கூட வரி! (சிரிக்காதீர்கள், நிஜம்.) போதாதென்று வருஷத்துக்கு ஆறு நாள் சாலை வேலை, வர முடியாதவர் அதற்குப் பணம் கட்ட வேண்டும். காபித் தோட்டம் பக்கமே போகாத குடியானவன் தலையில் அத்தனையும் விடிந்தது.

ஜூலை கடைசியில் மாத்தளைப் பக்கம் ஜனங்கள் கிளம்பிவிட்டார்கள். தம்புள்ளை குகைக்கோயிலில் கொங்காலேகொட பண்டாவை ராஜாவாக முடிசூட்டினார்கள். உடனே ராணுவச் சட்டம். ஆகஸ்ட் 8-ல் கண்டியில் புரன் அப்புவைச் சுட்டுக் கொன்றார்கள். விவகாரம் லண்டன் பாராளுமன்றம் வரை போய், 1850-ல் டோரிங்டன் பதவியை விட்டுப் போக வேண்டியதாயிற்று.

நிக்கோல் காட்டுக்குள் தூரிகையோடு திரிந்ததும் அந்தக் கலக சமயத்தில்தான்!

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. இடிபாடு என்றால் ஆளரவமே இல்லாமல் வரைவது அன்றைய ரசனை. உள்ளூர்க்காரன் ஒருவன் படத்தில் வந்தாலும் தூண் எவ்வளவு உயரம் என்று காட்டுவதற்காகத்தான் வருவான். அவன் வீட்டு நாய்க்கு வரி கட்டினானா இல்லையா என்பதெல்லாம் படத்தில் தெரியாது.

டென்னன்ட் 1859-ல் இலங்கை பற்றி இரண்டு தொகுதிகளில் பெரிய புத்தகம் போட்டார். அதிலும் நிக்கோல் வரைந்த படங்கள் இருக்கின்றன.