யார் வீட்டில் யார் விருந்தாளி?

கிறித்தவ அன்பைப் பற்றிப் பிரசங்கிக்கிறவர்கள் விருந்தோம்பலை எப்போதும் ஒரு பக்கமாகவே சொல்லி வந்திருக்கிறார்கள். இருக்கிறவன் கதவைத் திறக்கிறான், இல்லாதவன் உள்ளே வந்து சாப்பிடுகிறான், இதுதான் அன்பு என்கிறார்கள். தமிழகத் திருச்சபை வரலாற்றைச் சேரியிலிருந்து பார்த்தால் கேள்வியே வேறு. அவங்க நமக்குச் சோறு போட்டாங்களா என்பதல்ல. நம்ம வீட்டுல வந்து சாப்பிட்டாங்களா?

ஏசு சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்டது யூதர்கள் சமாரியரோடு புழங்காத காலத்தில். ஊரார் பாவி என்று ஒதுக்கிய சகேயுவின் வீட்டுக்கு அவரே வலியப் போய்த் தங்கினார். இரண்டு இடத்திலும் அவர் விருந்தாளி. ஒதுக்கப்பட்டவர் கையால் வாங்கிக் குடிக்கவும் உண்ணவும் தயாராக இருந்தவர். அவர் பெயரைச் சொல்லி இங்கே வந்தவர்கள் என்ன செய்தார்கள்?

1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி பிராமண சந்நியாசியாக வாழ்ந்தார். மற்ற சாதியாரிடம் போக 1640 வாக்கில் பண்டாரசாமிகள் என்றொரு பிரிவு உண்டானது. ஆனால் பறையர் வீட்டு வாசலைத் தாண்டுவதில் சிக்கல் தீரவில்லை. 1703இல் புதுச்சேரிக்கு வந்த பாப்பரசரின் தூதர் தூர்னோன், நோயில் கிடக்கும் பறையர்களின் வீட்டுக்கே போய்த் திருவருட்சாதனங்கள் கொடுக்க வேண்டும் என்று ஆணை போட்டார். அதற்குக்கூட ஆணை வேண்டியிருந்தது! பறையர் வீட்டுக்குள் போனால் மேல்சாதியார் தங்களை ஒதுக்கிவிடுவார்கள் என்பது சேசு சபையார் சொன்ன நியாயம். நாற்பது வருட இழுபறிக்குப் பிறகு, 1744இல் பாப்பரசர் 14ஆம் பெனடிக்ட் காலத்தில் ஒரு சமரசம் வந்தது. பறையர்களுக்கென்று தனிக் குருக்கள். சாவுப் படுக்கையிலும் சாதி பார்த்து ஆள் அனுப்பிய சபை இது.

சீர்திருத்த சபைகளும் இதில் சளைத்தவையல்ல. சீகன்பால்கு 1706இல் வந்திறங்கிய தரங்கம்பாடியில், கோயிலுக்குள் சூத்திரக் கிறித்தவர் ஒரு பக்கம், பறையர் ஒரு பக்கம் என்பது வழக்கமாகவே இருந்தது. ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன் 1833இல் சாதியை உடனடியாகவும் முற்றாகவும் விட வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். தஞ்சையிலும் வேப்பேரியிலும் வேளாளக் கிறித்தவர்கள் சபையை விட்டு விலகினார்கள். புகழ்பெற்ற வேதநாயகம் சாஸ்திரியார் சாதியாசாரத்தின் பக்கம் நின்று எழுதினார். கீர்த்தனை எழுதிய கைதான் அதையும் எழுதியது.

இந்த வரலாற்றில் என்னை நிறுத்துகிற இடம் 1850. சென்னை மிஷனரி மாநாடு அந்த ஆண்டு சாதி பற்றி ஒரு தீர்மானம் போட்டது. பறையர் சமைத்த உணவைச் சாப்பிட மறுக்கிறவன் சாதியை விட்டவனாக மாட்டான், அப்படிப்பட்டவனைச் சபையில் வைக்கக் கூடாது என்பது அதன் சாரம். மதுரையில் இயங்கிய அமெரிக்க மிஷன் 1847இலேயே இந்த வழியில் இறங்கியிருந்தது. 'அன்பின் விருந்து' என்று பெயர். மனசுல சாதி இல்ல என்று சொல்வதை அவர்கள் ஏற்கவில்லை, தட்டைப் பார்த்தார்கள். அந்தத் தட்டில் சமைத்தவர் தலித், சாப்பிட வேண்டியவர் மேல்சாதி. லைப்சிக் லுத்தரன் மிஷன் இதற்கு உடன்படவில்லை. சாதி நாட்டு வழக்கம், மெல்ல மெல்லத்தான் போகும் என்றது. தஞ்சைப் பகுதியில் சாதியை விட மனமில்லாதவர் பலர் அங்கே போய்ச் சேர்ந்துகொண்டார்கள்.

ஆனாலும் துரைமார் பார்க்க ஒரு நாள் உண்பது சுலபம். மறுநாள்? எங்கள் தெருவுக்கு வாரம் ஒருமுறை ஜெபம் நடத்த ஒரு உபதேசியார் வருவார், மேல்சாதி. எங்க பாட்டி செம்புல தண்ணி நீட்டுனா, "இப்பத்தாம்மா குடிச்சிட்டு வாரேன்" என்பார். ஒரு வாரமா ரெண்டு வாரமா, வருசக்கணக்கா இதே பதில். அதே பாட்டி வளையல்காரர், அம்மி கொத்துறவர், வழி தவறி வந்தவர் யாராயிருந்தாலும் கஞ்சி ஊத்தாம அனுப்பாது. "அவருக்கு மட்டும் நம்ம தெருவுல தாகமே எடுக்காதுடா" என்று சொல்லிச் சிரிக்கும். வேதம் வாசிக்கத் தெரியாத அந்தக் கிழவியிடம் விருந்தோம்பல் இருந்தது. அதை வாங்கிக்கொள்ளத்தான் சபையில் ஆளில்லை.

இதெல்லாம் பழைய கதை என்பவர்களுக்கு எறையூரைச் சொல்ல வேண்டும். தனிப் பங்கு கேட்ட தலித் கத்தோலிக்கர்கள் மீது 2008 மார்ச்சில் அங்கே சாதிக் கிறித்தவர்கள் தாக்குதல் நடத்தினார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் செத்தார்கள். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016இல் வெளியிட்ட தலித் கொள்கை அறிக்கையில், திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. அரசோ 1950ஆம் ஆண்டு ஆணையின் மூன்றாம் பத்தியைக் காட்டி, கிறித்தவனானால் நீ பட்டியல் சாதியில் இல்லை என்கிறது. கோயிலுக்குள் நாம் சேரி, தாலுகா ஆபீசில் நாம் கிறித்தவன்.

தனிப் பாடை, தனிக் கல்லறை, தனி வரிசை இவற்றை எதிர்த்துப் போராடுகிறோம். போராட வேண்டும். கூடவே 1850இன் கேள்வியையும் திரும்பக் கேட்க வேண்டும். குருப்பட்டம் பெறப் போகிறவரிடமும், பங்குப் பேரவையில் உட்காருகிறவரிடமும், எங்கள் உரிமைக்காகப் பேச வருகிற முற்போக்காளரிடமும் கேட்போம்: எந்தச் சேரி வீட்டில் கடைசியாகச் சாப்பிட்டீர்கள்?

இதைப் படிக்கிற மாணவத் தோழர்கள் ஒரு வேலை செய்யலாம். உங்கள் ஊர்க் கிழவிகளிடம் போய் உட்காருங்கள். யார் வந்தார், யார் தண்ணீர் குடித்தார், யார் சாக்குச் சொன்னார் என்று கேட்டு எழுதுங்கள். பங்குப் பதிவேட்டில் ஞானஸ்நானம் இருக்கும், திருமணம் இருக்கும், அடக்கம் இருக்கும். இது இருக்காது.