பரங்கிக்காயும் வற்றல் ஜாடியும்

சரித்திரப் புத்தகங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பீரங்கி வெடித்த இடத்தில் நின்று நிதானமாகப் பேசும். அடுப்பு எரிந்த இடத்தைக் கண்டும் காணாததுபோல் கடந்துவிடும். வெள்ளாறு கடலில் கலக்கும் பரங்கிப்பேட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1781-ஆம் ஆண்டு ஜூலை மாதம் முதல் தேதி அங்கே ஹைதர் அலியின் சேனையும் சர் அயர் கூட்டின் கம்பெனிப் பட்டாளமும் மோதிக்கொண்டன. அந்த ஒரு பகலைப் பற்றி எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். பரங்கியரின் பெயர் அந்த ஊருக்கு ஒட்டிக்கொண்டதுபோலவே ஒரு காய்க்கும் ஒட்டிக்கொண்டது. அந்தப் பரங்கிக்காய்க்குச் சரித்திரத்தில் ஒரு வரிகூட ஒதுக்கவில்லை. ஹைதர் அலி அன்றைக்குத் தோற்றுப் போனார். பரங்கிக்காய் இன்றைக்கும் கூரை மேல் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது.

நான் குடியிருப்பது அதே வெள்ளாற்றங்கரையில், கடலிலிருந்து சற்று மேற்கே தள்ளி, சேத்தியாத்தோப்பில். சென்னையிலிருந்து கும்பகோணம் போகிறவர்கள் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே கடந்து போகும் ஊர். ஆற்றின் குறுக்கே ஓர் அணைக்கட்டு இருக்கிறது. பக்கத்தில் சோழர் வெட்டிய வீராணம் ஏரி. 2004-ஆம் ஆண்டிலிருந்து அந்த ஏரியின் தண்ணீர் குழாய் வழியாகச் சென்னைக்குப் போகிறது. ஆகவே சென்னை வாசகர்களில் பலர் என் ஊருக்கு வராமலே என் ஊர்த் தண்ணீரைக் குடிக்கிறவர்கள். எனக்கும் அவர்களுக்கும் அந்த உறவு போதும்.

சில வருஷங்களாக என் வீட்டுக் கொல்லையில் காய்கறி போட்டு வருகிறேன். இன்னும் கற்றுக்குட்டிதான். ஆனால் கதை எழுதுகிறவனுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. எதைப் பார்த்தாலும் அதன் பூர்வோத்தரத்தை விசாரிப்பான். என் கொல்லையில் நின்ற செடி கொடிகளை அப்படி விசாரித்தேன். பாதிக்கு மேல் வெளிநாட்டு ஆசாமிகள்! மிளகாய் அமெரிக்காவிலிருந்து வந்தது. 1498-இல் வாஸ்கோட காமா கோழிக்கோட்டில் இறங்கிய பிறகு, போர்ச்சுக்கீசியர் கப்பலில் வந்த சரக்கு அது. நம்மவர்கள் அதைக் கடித்துப் பார்த்து, மிளகுபோல் உறைக்கிற காய் என்று கண்டு, மிளகாய் என்று பெயர் வைத்து வீட்டோடு சேர்த்துக்கொண்டார்கள். தக்காளி என்ற பெயர் முன்பே இங்கிருந்த சிறு செடிகளுக்கு உரியது. பிறகு வந்தது சீமைத்தக்காளி. நாளடைவில் ‘சீமை’ உதிர்ந்து, வந்தவனே வீட்டுக்காரனாகி விட்டான். பரங்கியின் சங்கதி பெயரிலேயே இருக்கிறது. இந்த ஜில்லாவுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த முந்திரியும் பிரேசில் தேசத்து மரந்தான். வேலியோரம் தானாக முளைத்து நிற்கிறதே சுண்டைக்காய், அதையாவது நம்முடையது என்று நினைத்திருந்தேன். அதன் தாயகமும் அமெரிக்கக் கண்டந்தான் என்று தாவர சாஸ்திரிகள் சொல்லிவிட்டார்கள்.

அப்படியானால் இவையெல்லாம் வருவதற்கு முன்னால் நாம் என்ன சாப்பிட்டோம்? இதற்குக் கல்வெட்டைத் தேடிப் போக வேண்டியதில்லை. ஆசாரமான வீடுகளில் திவசத்தன்று சமையலறைக்குள் எட்டிப் பார்த்தால் போதும். அன்றைக்கு மிளகாய் கிடையாது, மிளகுதான். தக்காளி, உருளைக்கிழங்கு, கோஸ் ஒன்றும் உள்ளே வராது. வாழைக்காய், அவரை, பாகல், புடல் இவைதாம் இலையில் விழும். பிதிரர்கள் நானூறு வருஷத்துக்கு முந்திய ருசிக்காரர்கள் அல்லவா? அவர்களுக்குத் தெரிந்த காயைத்தான் போட வேண்டும். சாஸ்திரம் என்று நினைத்துச் செய்கிற காரியத்தில் ஒரு பழைய காய்கறிக் கடை அப்படியே பத்திரமாக இருக்கிறது.

காயைப் பத்திரப்படுத்துவதும் அத்தனை பழைய வித்தை. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாணனுக்கு வழி சொல்லும்போதே எந்த வீட்டில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்றும் சொல்லிக்கொண்டு போகிறார். ஓரிடத்தில் மிளகும் கறிவேப்பிலையும் சேர்த்து வெண்ணெயில் வெந்த மாதுளங்காய் வருகிறது. அதோடு கூடவே மாவடு ஊறுகாயும் வருகிறது. அந்தப் புலவரின் நாக்குக்கு நான் தலை வணங்குகிறேன். அரசனின் பராக்கிரமத்தோடு ஊறுகாயையும் சேர்த்துப் பதிவு செய்த சரித்திராசிரியர்கள் எத்தனை பேர்?

இந்த வித்தை ருசிக்காக மட்டும் பிறந்ததல்ல. எங்கள் பக்கத்துக் கால நிலையைப் பார்த்தால் தெரியும. ஆடிப்பட்டத்தில் விதைத்தால் வெண்டையும் கொத்தவரையும் ஆவணி, புரட்டாசியில் காய்த்துத் தள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் வானம் உடைத்துக்கொண்டு வெள்ளாறு கரை புரளும்போது கொல்லை சேறாகிவிடும். தை மாதத்தில் அவரை. அப்புறம் கோடையில் கிணறு கீழே இறங்கிவிடும். ஆக, கொல்லைக்காரனுக்கு ஒன்று அளவுக்கு மேல் காய், இல்லாவிட்டால் ஒன்றுமே இல்லை. இந்த இரண்டையும் சமன் செய்வதற்கு மாசி, பங்குனி வெயிலும் கைப்பிடி உப்பும் தவிர வேறு சாதனம் நம் பெண்களிடம் இருக்கவில்லை.

எனக்கு இந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுத்தவள் வாய்க்கால் கரையில் குடியிருக்கும் ஓர் ஆயா. நாற்று நட்டு, களை பறித்து ஆயுசைக் கழித்தவள். சுண்டைக்காயைக் காம்பு நீக்கிக் கல்லால் இலேசாகத் தட்ட வேண்டும். புளித்த மோரில் உப்பைப் போட்டு அதில் ஊற வைக்க வேண்டும். காலையில் மோரிலிருந்து எடுத்து வெயிலில் பரப்பி, சாயங்காலம் மறுபடியும் அதே மோரில் போட வேண்டும். மோர் முழுவதையும் காய் குடித்துத் தீர்க்கும் வரைக்கும் இந்த நடை. பிறகு வெறும் வெயிலில், கையில் அள்ளினால் கலகலவென்று சத்தம் கேட்கும் வரையில் காய வேண்டும். மணத்தக்காளிக்கும் ஏறக்குறைய இதே வழிதான். கொத்தவரங்காய்க்கு மோர் வேண்டாம். உப்புத் தண்ணீரில் அரை வேக்காடு வெந்தால் போதும்.

“உப்புப் போடச்சே கை நடுங்கக் கூடாது தம்பி. உப்புக்குப் பயந்தவங்க வத்தலு பூத்துப் போவும்” என்றாள்.

இதற்குள் இருக்கிற ரசாயனம் ஆயாவுக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. உப்பு காயிலிருக்கும் நீரை வெளியே இழுக்கிறது. மோரின் புளிப்பில் கெடுக்கும் கிருமிகள் தலையெடுப்பதில்லை. எஞ்சிய ஈரத்தை வெயில் கொண்டுபோகிறது. ஈரம் இல்லாத இடத்தில் பூஞ்சணத்துக்குப் பிழைப்பு இல்லை. பிரான்ஸ் தேசத்தில் நிக்கொலா அப்பேர் என்ற மிட்டாய்க்காரர், கண்ணாடிப் புட்டியில் காய்கறியை அடைத்து மூடி வெந்நீரில் வேக வைத்தால் கெடாது என்று கண்டுபிடித்தார். நெப்போலியன் காலத்துச் சர்க்கார் 1810-இல் அவருக்குப் பன்னிரண்டாயிரம் பிராங்க் பரிசளித்தது. பட்டாளத்துக்கும் கப்பற்படைக்கும் சோறு போட வேண்டுமே! ஆனால் அது ஏன் கெடவில்லை என்பது அவருக்குத் தெரியாது. அதற்குப் பாஸ்டர் வந்து சொல்ல இன்னும் அரை நூற்றாண்டு ஆயிற்று. அந்தப் புட்டி வித்தையில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. புளிப்பில்லாத பீன்ஸ் போன்ற காயை வெறும் கொதிநீரில் வேக வைத்து அடைத்தால், காற்றில்லாத அந்தப் புட்டிக்குள் உயிரைக் குடிக்கும் நஞ்சு உண்டாகக் கூடும். அதற்கு அழுத்தக் கொதிகலன் வேண்டும். புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு என் யோசனை கேட்டால், முதலில் வற்றலோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்பேன்.

வற்றலைச் சொல்லிவிட்டு ஜாடியைச் சொல்லாமல் போகக் கூடாது. 1340-களில் மதுரை சுல்தானின் அரண்மனையில் விருந்தாளியாக இருந்துவிட்டுக் கீழ்த்திசைக் கடலில் பிரயாணம் செய்தார் இபின் பதூதா என்ற மொராக்கோ யாத்ரிகர். வழியில் ஓர் இளவரசி அவருக்கு வெகுமதி கொடுத்தாளாம். பொன்னா, பட்டா என்று கேட்காதீர்கள். அவற்றோடு இஞ்சி, மிளகு, எலுமிச்சை, மாங்காய் இவற்றை உப்பில் ஊற வைத்து நிரப்பிய பெரிய ஜாடிகளும் இருந்தன. கடல் யாத்திரைக்கென்றே தயாரித்த ஊறுகாய். அந்த ஜாடிக்கு அவர் எழுதிய பெயர் ‘மர்த்தபான்.’ பர்மாவில் உள்ள துறைமுகத்தின் பெயர் அது. வடக்கே இன்றைக்கும் ஊறுகாய் ஜாடிக்கு மர்த்தபான் என்றுதான் பெயர். எங்களுக்குப் பக்கத்து ஊரான விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் இருக்கிறது. பொம்மையும் மின்சாரச் சாமானும் சுடுகிறார்கள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பர்மாத் துறைமுகத்தை நினைத்துக்கொள்கிறேன். பளபளப்புப் பூசிச் சுட்ட அந்த மண்ணை உப்பும் புளிப்பும் தின்ன முடியாது என்பதுதான் ஜாடியின் பெருமை.

உப்பு என்றதும் இன்னொரு நினைப்பு வருகிறது. வெள்ளைக்காரன் உப்புக்கு வரி போட்டானே, அது சோற்றுக்குப் போடும் உப்புக்கு மட்டுமா? வற்றலுக்கும் ஊறுகாய்க்கும் கருவாட்டுக்கும் போடுகிற உப்புக்கும் சேர்த்துத்தான். ஏழை வீட்டில் நாளைக்கென்று எடுத்து வைக்கிற காய்க்கே அவன் வரி வாங்கினான். 1930 ஏப்ரல் 13-ந் தேதி ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு வேதாரண்யத்துக்கு நடந்தார். அந்த மாதக் கடைசியில் உப்பை அள்ளிச் சிறைக்குப் போனார். 1947-இல்தான் அந்த வரி ஒழிந்தது.

உப்பள்ளிய அதே மனிதர் பின்னால் ஏர் பிடித்த கதை அவ்வளவாகத் தெரியாது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமாயிற்று. வருஷத்துக்குப் பத்து லட்சம் டன்னுக்கு மேல் வந்துகொண்டிருந்த பர்மா அரிசி அதோடு நின்றது. ஏப்ரலில் குண்டு விழும் என்று சென்னை நகரமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியது. சர்க்கார் அந்த வருஷமே ‘அதிக உணவு உற்பத்தி’ இயக்கத்தைத் தொடங்கிற்று. யுத்த காலத்தில் உலகமெங்கும் இதே பாட்டுத்தான். லண்டன் கோட்டை அகழியில் காய்கறி போட்டார்கள். அமெரிக்காவில் இரண்டு கோடி ‘வெற்றித் தோட்டங்கள்’ முளைத்தன. இங்கே 1943-இல் வங்காளத்தில் லட்சக்கணக்கான ஜனங்கள் பட்டினியால் மாண்டு போனார்கள். சுதந்திரம் வந்த பிறகும் பஞ்சம் போகவில்லை. 1948-இல் ராஜாஜி கவர்னர் ஜெனரலாகி, முந்நூற்று நாற்பது அறைகள் கொண்ட அந்த டில்லி மாளிகைக்குக் குடிபோனார். வைஸ்ராய்கள் வளர்த்த சிங்கார வனத்தைப் பார்த்தார். அந்த வளாகத்தில் ஒரு பகுதியைத் தாமே உழுது தானியப் பயிருக்கு ஒதுக்கினார். அந்த இடத்தில் பிற்பாடு காய்கறித் தோட்டம் ஏற்பட்டது. தாலிகானா என்று அதற்குப் பெயர். ராஜாஜியின் அரசியலில் எனக்கு ஒப்பாதவை பல உண்டு. இந்த ஒரு காரியத்தில் அவரோடு எனக்குத் தகராறு இல்லை.

ஆனால் இயக்கம் என்னவாயிற்று? 1952-இல் வி. டி. கிருஷ்ணமாசாரி தலைமையில் ஒரு கமிட்டி அதை ஆராய்ந்தது. கிராம வாழ்க்கை முழுவதையும் தொடாமல் விளைச்சலை மட்டும் தனியே பிரித்தெடுத்துப் பெருக்க முடியாது என்ற முடிவுக்கு வந்தது. அதன் பலனாக 1953-இல் தேசிய விஸ்தரிப்புச் சேவை உண்டாயிற்று. நல்ல முடிவுதான். எனினும் அந்தக் காலத்துத் திட்டங்களெல்லாம் டன் கணக்கு, ஏக்கர் கணக்குப் போட்டன. சந்தைக்கே வராமல் கொல்லையிலிருந்து நேரே அடுப்புக்குப் போகும் காயை எந்தக் குமாஸ்தா எண்ணுவான்? இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். கொல்லைத் தோட்டம் போடு என்று உபதேசம் செய்தவர்கள், கொல்லை இருக்கிறதா என்று கேட்கவில்லை. பட்டினியில் முதலில் விழுந்தவர்கள் சொந்த நிலம் இல்லாத கூலிக்காரர்கள். குடிசைக்குப் பின்னால் அடுத்தவன் வரப்பு. மாடு இல்லாத வீட்டில் மோர் ஏது?

எங்கள் ஆயாவுக்கும் நான் அறிந்தவரையில் கொல்லை என்று ஒன்று இல்லை. புறம்போக்கில் குடிசை. பரங்கிக் கொடி கூரையில் படர்ந்தது. பீர்க்கு ஒட்டுப் புறத்து முருங்கையில் ஏறியது. சுண்டைக்காய் சாலையோரத்துச் செடியிலிருந்து வந்தது. நாலு வீட்டில் வேலை செய்து மோர் வாங்கிக்கொள்வாள். 2011 டிசம்பர் 30-ந் தேதி ‘தானே’ புயல் கடலூர்க் கரையில் ஏறி, பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்ததல்லவா? அதைப் பற்றிக் கேட்டேன்.

“கூரை போச்சு, கொடி போச்சு. கரண்டு வர எத்தினியோ நாளாச்சு. ஜாடி வத்தலுதான் கஞ்சிக்குத் தொட்டுக்க. வெதைச்சட்டியப் பரண்லேருந்து எறக்கி மடியில கட்டிக்கினு பள்ளிக்கூடத்துக்கு ஓடுனேன்” என்றாள்.

விதைச்சட்டியை எனக்குக் காட்டினாள். கத்தரி விதையைச் சாம்பலில் பிசறி வைத்திருந்தாள். பரங்கி விதையைச் சாணத்தில் பதித்து, வறட்டிபோல் தட்டிக் காய வைத்திருந்தாள். பூச்சி அண்டாது, அடுத்த ஆடி வரைக்கும் முளைக்கும் சக்தி போகாது.

2020 மே 5-ந் தேதி கோயம்பேடு மார்க்கெட்டை மூடினார்கள். அங்கே மூட்டை தூக்கிய எங்கள் ஜில்லாக்காரர்கள் பலர் ஊர் திரும்பினார்கள். அவர்களோடு நோயும் வந்தது. தெருத் தெருவாகத் தட்டி கட்டி அடைத்தார்கள். காய்கறி வண்டி என்றைக்கு வரும் என்று வாசலில் நின்று பார்க்கும் காலம். அப்போதுதான் நான் கொல்லையைக் கொத்த ஆரம்பித்தேன். விதை எங்கே கிடைக்கும் என்று தெரியவில்லை. ஆயாதான் வேலிக்கு அப்பால் நின்று அவரைக்கொட்டை பதினைந்தை எண்ணி, காகிதத்தில் மடித்துக் கொடுத்தாள். காசு நீட்டினேன்; வாங்கவில்லை.

“வெதைக்குக் காசு வாங்கக் கூடாது தம்பி. தை மாசம் முப்பதாத் திருப்பிக் குடுங்க.”

தை மாதம் முப்பத்திரண்டு கொட்டை கொண்டுபோய்க் கொடுத்தேன். திண்ணையில் பரப்பி, ஒவ்வொன்றாக எண்ணினாள். முப்பதை மடியில் முடிந்துகொண்டு, இரண்டை என் கையிலேயே திருப்பிப் போட்டுவிட்டாள்.